எல்லா ‘செக்’கும் ராஜாவுக்கே!

ஆங்கிலம் தெரியாதவர்கள்கூட சர்வசாதாரணமாகச் சொல்லும் சொல் ‘செக்’. வங்கியில் போடுகிற செக், கடையில் எடுக்கிற செக்டு சட்டை, ரயிலில் டிக்கெட் செக் பண்ணுகிறவர், எதிரணிக்கு ‘செக்’ வைக்கிற தலைவர். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று தோன்றும். நாலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். மூதாதை, பாரசீகத்தின் ‘ஷா’, அதாவது அரசன்.

இந்தியாவின் சதுரங்கம் பாரசீகத்துக்குப் போய் ‘சத்ரங்’ ஆனது. எதிரியின் ராஜாவைக் குறிவைத்துக் காய் நகர்த்தியதும் ‘ஷா!’ என்று குரல் கொடுப்பார்கள். அரபிகள் வழியாக ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போனபோது, அந்தக் குரல் லத்தீனில் ‘ஸ்காக்கஸ்’, பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’, ஆங்கிலத்தில் ‘செக்’ என்று திரிந்தது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மையே ‘செஸ்’. ‘செக்மேட்’ என்பது ‘ஷா மாத்’. அரசன் செத்தான் என்று பொருள் சொல்வார்கள். வழியற்று நிற்கிறான் என்பதே சரி என்போரும் உண்டு. என் ஓட்டு இரண்டாவதற்கு. செஸ்ஸில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லையே!

ராஜாவுக்கு ஆபத்து என்றால் மற்ற திட்டமெல்லாம் அப்படியே நிற்கும். அதனால் ‘செக்’ என்றால் தடுப்பது என்றானது. பிறகு சரிபார்ப்பது என்றும் ஆனது. நம் செக்போஸ்ட்டில் இரண்டுமே நடக்கின்றன.

பணத்துக்குள் இந்தச் சொல் நுழைந்த கதைதான் சுவாரஸ்யம். 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசனின் கணக்கு மேசை 10 அடி நீளம், 5 அடி அகலம். மேலே கோடுகள் போட்ட கறுப்புத் துணி. பூஜ்யம் புழங்காத ரோமன் எண்களில் கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. அதனால் பவுண்டு, ஷில்லிங், பென்னி எனப் பிரித்த கட்டங்களில் வில்லைகளை வைத்து நகர்த்தினார்கள். மாவட்ட வரிப்பணத்துக்குப் பொறுப்பான ஷெரீஃப் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். பொக்கிஷதாரருக்கும் ஷெரீஃபுக்கும் நடக்கும் சதுரங்கப் போர் இது என்று எழுதிவைத்தவர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், அவரே பொக்கிஷதாரர்! சதுரங்கப் பலகை போலிருந்த மேசையால் அந்த அலுவலகத்துக்கு ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர் வந்தது. பிரிட்டிஷ் நிதியமைச்சர் இன்றும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’தான். கட்டம் போட்ட துணிக்கும் பெயர் அதே பலகையிலிருந்து வந்தது.

வங்கி செக் ரொம்பப் பிந்தியது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மோசடியைக் கண்டுபிடிக்க வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்குத்தான் அந்தப் பெயர். பிறகு தாளுக்கே ஒட்டிக்கொண்டது. எக்ஸ்செக்கரின் சாயலில் பிரிட்டனில் எழுத்துக்கூட்டலை ‘cheque’ என நீட்டினார்கள். இந்தியாவின் 1881-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதுவே இருக்கிறது. அமெரிக்கர்கள் நீட்டவில்லை. அங்கே சாப்பிட்டு முடித்து ‘செக்’ கேட்டால் பில் வரும்.