பூனையின் நாவும் பொருள் காக்கும் மருந்துகளும்

மரம் உளுத்துப்போகாதிருக்க அதற்கு மருந்து பூசுகிறோம். பட்டுச்சேலையைப் பூச்சி அரிக்காதிருக்க அலுமாரியில் வெள்ளை உருண்டைகளை இடுகிறோம். பழரசம் புளிக்காதிருக்க அதிலும் ஓர் இரசாயனம் சேர்கிறது. கிருமியையும் பூச்சியையும் ஒடுக்குவதனாலேயே இவை பொருளைக் காக்கின்றன. அளவறிந்து பயன்படுத்தும் மனிதருக்கு இவற்றாற் பெருந்தீங்கு நேர்வது அரிது. வீட்டுப் பூனையின் நிலை வேறு.

நாய் விரும்பியதைத் தின்று நஞ்சுண்ணும். பூனையோ விரும்பாததையும் உண்ணும். ஏனெனில், அது நாள்தோறும் நெடுநேரம் தன் உடலை நக்கித் தூய்மை செய்கிறது. நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கப்படும் கிரியோசோற்று பூசிய ஈரவேலியில் அது ஏறி இறங்கினாற் போதும். பாதத்தில் ஒட்டியது சிறிது நேரத்தில் வயிற்றைச் சேரும். கிரியோசோற்றில் பீனோல் வகைப் பொருள்கள் உண்டு.

பீனோல் உடலிற் புகுந்தால், அதனைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்துச் சிறுநீர்வழி வெளியேற்றுவது ஈரலின் தொழில்களுள் ஒன்று. இதற்கு வேண்டிய நொதியங்களுள் முக்கியமான ஒன்றை ஆக்கும் பரம்பரையலகு பூனைக் குலத்திற் சிதைந்து பயனற்றுக் கிடக்கிறது. சிங்கத்துக்கும் இதே குறைதான்! இறைச்சியையே உண்டு வாழ்ந்த குலத்துக்குத் தாவர நஞ்சை முறிக்கும் கருவி வேண்டியிராமற் போயிற்று என ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

உணவைக் காக்கும் பென்சோயிக் அமிலமும் இக்குறையை வெளிப்படுத்திற்று. 1971ஆம் ஆண்டில் பிரித்தானிய மிருக வைத்திய ஏடொன்றில் வந்த அறிக்கையின்படி, அவ்வமிலம் நூற்றுக்கு 2.39 பங்கு கலந்த இறைச்சியைத் தின்ற 28 பூனைகள் நோயுற்றன. அவற்றுள் 17 மாண்டன. பிற விலங்குகள் இவ்வமிலத்தை அகற்ற இரு வழிகளைக் கையாளுகின்றன. பூனைக்குக் கிளைசீன் என்னும் பொருளோடு இணைக்கும் ஒரு வழியே உண்டு, அதுவும் மெதுவானது.

இனி, அலுமாரி உருண்டை. நப்தலீனால் ஆகிய உருண்டை ஈரலிற் சிதையும்போது உண்டாகும் பொருள்கள் செங்குருதிக் கலங்களைத் தாக்கும். பூனையின் குருதிநிறப்பொருள் இத்தகைய தாக்குதலுக்கு எளிதில் இடங்கொடுப்பது. ஆகவே, பூனை குட்டி போடும் பழந்துணிப் பெட்டியில் உருண்டை போடுவது கூடாது. நாயும் அதை விழுங்கிவிடலாம், அதற்கும் ஆபத்தே.

மருந்து பூசிய மரம் நன்கு உலரும்வரை பூனையை அணுகவிடாதீர்கள். உடலில் ஒட்டிவிட்டால், நக்காதபடி துணியாற் சுற்றிப் பிடித்து, சமையல் எண்ணெயால் இளக்கிச் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவுங்கள். மண்ணெண்ணெயும் தெர்ப்பந்தைனும் வேண்டா, அவையும் நஞ்சே. வாந்தியெடுக்கச் செய்ய முயலாமல், மருந்திருந்த தகரத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் செல்லுங்கள். எந்த மருந்தென்று அறிந்தாலன்றி அவராற் தக்க சிகிச்சையைத் தொடங்குதல் கடினம்.