குடும்ப நினைவுகளைக் காக்கும் 'ஸ்கிராப்புக்': தொடங்குவது எப்படி? தவிர்க்க வேண்டியவை எவை?

புதுடெல்லி: பல வீடுகளில் பரணிலோ இரும்புப் பெட்டியிலோ ஒரு பழைய பை இருக்கும். அதில் கருப்பு வெள்ளைப் புகைப்படங்கள், திருமண அழைப்பிதழ்கள், இன்லாந்து கடிதங்கள், ரயில் பயணச்சீட்டுகள் ஆகியவற்றுடன் ஒரு தந்தியும் இருக்கக்கூடும். நாட்டில் தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நிறுத்தப்பட்டதால், அந்தத் துண்டுக் காகிதம் இனி புதிதாகக் கிடைக்காது. இவற்றை முறையாகத் தொகுத்துக் காக்கும் பொழுதுபோக்கே 'ஸ்கிராப்புக்கிங்'. ஆர்வத்துடன் தொடங்குவோர் அறியாமல் செய்யும் சில தவறுகளால், காக்க நினைத்த பொருளே அழிந்துவிடுவதும் உண்டு. எனவே, இதைத் தொடங்கும் முறை குறித்து விரிவாக அறிந்து கொள்வோம்.

ஸ்கிராப்புக் என்றால் என்ன?

புகைப்பட ஆல்பத்தில் படங்கள் மட்டுமே இடம்பெறும். ஸ்கிராப்புக்கில் படத்துடன் அந்த நாளின் கடிதம், அழைப்பிதழ், பயணச்சீட்டு போன்றவையும், அவற்றைப் பற்றிய கையெழுத்துக் குறிப்பும் சேர்ந்திருக்கும். இந்தப் பழக்கம் புதியதன்று. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், பக்கங்களில் முன்கூட்டியே பசை தடவப்பட்ட ஸ்கிராப்புக் ஒன்றை உருவாக்கி, அதற்கு 1873ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார்.

முதல் வேலை பெயர் எழுதுவது:

கடைக்குச் சென்று காகிதம் வாங்குவதற்கு முன்பு, வீட்டில் உள்ள மூத்தவரிடம் படங்களைக் காட்டிப் பேசுவதே முதல் படி. படத்தில் இருப்பவர்களின் பெயர், உறவுமுறை, ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு ஆகிய நான்கையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மங்கிய படத்தைக் கணினியில் ஓரளவு சீரமைக்க முடியும். ஆனால், பெயர் தெரிந்த கடைசி மனிதரும் மறைந்துவிட்டால், அந்தத் தகவலை எந்தத் தொழில்நுட்பத்தாலும் மீட்க இயலாது.

அவர் பேசுவதை அனுமதி பெற்றுக் கைபேசியில் பதிவு செய்துகொள்ளலாம். படத்தின் பின்புறம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால், அந்தத் தடம் முன்புறத்திலும் தெரியும். மென்மையான பென்சிலால் ஓரமாக, அழுத்தாமல் ஓர் எண் மட்டும் இட்டு, விவரங்களைத் தனிக் குறிப்பேட்டில் எழுதுவது பாதுகாப்பானது.

ஒரே ஒரு நிகழ்வில் தொடங்குங்கள்:

குடும்ப வரலாறு முழுவதையும் ஒரே புத்தகத்தில் அடக்க முயல்வோர் பெரும்பாலும் பாதியிலேயே கைவிடுகின்றனர். பாட்டியின் திருமணம், ஒரு புனிதப் பயணம், குழந்தையின் முதல் பள்ளி ஆண்டு என ஏதேனும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். பத்துப் படங்களும் நான்கைந்து காகிதங்களும் முதல் முயற்சிக்குப் போதுமானவை.

காகிதம் ஏன் பழுப்பாகிறது?

மரக்கூழில் இருந்து தயாராகும் மலிவான காகிதத்தில் 'லிக்னின்' என்ற பொருள் எஞ்சியிருக்கும். ஒளியும் காற்றும் படும்போது இது மாற்றமடைந்து, காகிதத்தைப் பழுப்பாக்குகிறது. காகிதத்தில் உள்ள அமிலம் அதன் இழைகளைச் சிதைத்து, நாளடைவில் தொட்டாலே நொறுங்கும் நிலைக்குக் கொண்டு செல்கிறது. செய்தித்தாள்கள் விரைவில் நிறம் மாறுவதும் இதனாலேயே. செய்தித்தாள் நறுக்கைப் படத்தின் அருகில் ஒட்டினால், அதன் அமிலம் படத்தையும் பாதிக்கும். நறுக்கை நல்ல காகிதத்தில் நகலெடுத்து, அந்த நகலை ஒட்டுவதே முறை.

எனவே 'ஆசிட் ஃப்ரீ', 'லிக்னின் ஃப்ரீ' என்று குறிப்பிடப்பட்ட காகிதத்தையே அடித்தாளாகத் தேர்வு செய்ய வேண்டும். பருத்தித் துணிக் கழிவில் இருந்து தயாராகும் கைவினைக் காகிதமும் ஏற்றது. பருத்தி இழையில் லிக்னின் கிட்டத்தட்ட இல்லை என்பதே காரணம். ராஜஸ்தான் மாநிலம் ஜெய்ப்பூரை அடுத்த சாங்கனேர் இத்தகைய காகிதத்திற்குப் புகழ்பெற்றது. தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பாவின் பெயரைத் தாங்கிய தேசியக் கைவினைக் காகித நிறுவனமும் அங்குதான் உள்ளது. எனினும், கைவினைக் காகிதம் அனைத்தும் அமிலமற்றது எனக் கருதிவிடக் கூடாது. வாங்கும்போது கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அடர்நிறத் தாள்களில் ஈரம் பட்டால் சாயம் இறங்கும் என்பதால், வெள்ளை அல்லது வெளிர்நிறத் தாளே நல்லது.

ஒட்டும் முறையில் கவனம்:

செல்லோடேப்பின் பசை காலப்போக்கில் மஞ்சளாகி, காகிதத்திற்குள் ஊடுருவிக் கறையாக நிலைத்துவிடும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ஜெம் கிளிப் ஆகியவை நம் நாட்டின் ஈரக்காற்றில் எளிதில் துருப்பிடிக்கும். இவற்றைத் தவிர்த்து, படத்தின் நான்கு மூலைகளைச் செருகி வைக்கும் 'போட்டோ கார்னர்'களைப் பயன்படுத்தலாம். இவற்றில் பசை படத்தின் மீது படாது. தேவைப்படும்போது படத்தைச் சேதமின்றி வெளியே எடுக்கவும் முடியும்.

அரிய காகிதங்களை லேமினேஷன் செய்வது பலரிடம் உள்ள பழக்கம். வெப்பமும் பசையும் சேர்ந்து காகிதத்துடன் ஒன்றிவிடுவதால், பின்னர் அதைப் பிரிப்பது மிகக் கடினம். மூலப் பொருளுக்கு லேமினேஷன் செய்யாமல், பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியஸ்டர் உறையில் இட்டு வைக்கலாம். பி.வி.சி. உறைகள் நாளடைவில் படங்களுக்குக் கேடு விளைவிக்கும் வேதிப்பொருட்களை வெளியிடுவதால் அவை வேண்டாம்.

பசைப் பக்கத்தின் மீது பிளாஸ்டிக் தாள் மூடிய பழைய ஆல்பங்களில் படங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால், பிடித்து இழுக்கக் கூடாது. பல் இடுக்குகளைத் தூய்மை செய்யும் மெல்லிய நூலைப் படத்தின் அடியில் செலுத்தி, மெதுவாக அறுப்பதுபோல் நகர்த்தினால் பல நேரங்களில் படம் பிரிந்து வரும். அப்படியும் வராவிட்டால், பக்கத்துடன் சேர்த்தே புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மறைந்து போகும் ரசீதுகள்:

தற்போதைய திரையரங்கச் சீட்டுகள், கடை ரசீதுகள், ஏடிஎம் சீட்டுகள் பலவும் வெப்பத்தால் எழுத்து தோன்றும் 'தெர்மல்' காகிதத்தில் அச்சிடப்படுகின்றன. இவற்றில் மை கிடையாது. ஒளி, வெப்பம், சில வகைப் பசைகள், பிளாஸ்டிக் உறைகள் ஆகியவற்றால் எழுத்துகள் மங்கி, வெற்றுத்தாள் மட்டுமே எஞ்சும். எனவே, கைக்கு வந்த சில நாட்களிலேயே இவற்றை நகலெடுத்துவிட வேண்டும்.

பக்கத்தை அமைப்பது எப்படி?

எதையும் ஒட்டும் முன்பு, பொருட்களைப் பக்கத்தின் மீது பரப்பி இடமாற்றிப் பார்க்க வேண்டும். பக்கத்திற்கு ஒரு முதன்மைப் படம், துணையாக இரண்டு சிறிய பொருட்கள் என்ற அளவு கண்ணுக்கு இதமாக இருக்கும். குறிப்பு எழுத நான்கில் ஒரு பங்கு இடத்தை ஒதுக்கலாம். நீரில் கரையாத 'பிக்மென்ட்' மை பேனாவால் எழுதுவது சிறந்தது.

'ஊட்டி சுற்றுலா' என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. யாருடன் சென்றோம், எங்கே தங்கினோம், மழையில் எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்பன போன்ற சிறு விவரங்களே பின்னாளில் படிப்பவருக்கு அந்த நாளைக் காட்டும்.

மூலத்தைக் காப்பது அவசியம்:

ஒரே ஒரு பிரதி மட்டுமே உள்ள படத்தை வெட்டக் கூடாது. ஸ்கேன் செய்து, ஸ்டூடியோவில் அச்சிட்ட நகலையே வெட்டி ஒட்டலாம். அஞ்சலட்டை அளவுள்ள படங்களுக்கு 600 டிபிஐ தெளிவு போதுமானது. ஸ்கேன் செய்த கோப்புகளைக் கைபேசியில் மட்டும் வைக்காமல், வேறு இரண்டு இடங்களிலாவது சேமிக்க வேண்டும். சான்றிதழ்கள், நிலப் பத்திரங்கள் போன்ற ஆவணங்களின் மூலப்பிரதியை ஸ்கிராப்புக்கில் சேர்க்கவே கூடாது.

முடிந்த புத்தகத்தைப் பரணிலோ, சமையலறை மற்றும் குளியலறைச் சுவரை ஒட்டியோ வைக்கக் கூடாது. வெப்பமும் ஈரமும் பூஞ்சைக்கும் வெள்ளிமீன் பூச்சிகளுக்கும் இடமளிக்கும். வெயில் படாத உலர்ந்த அலமாரியே ஏற்றது. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்து, நிழலில் காற்றாட விரித்துப் பார்ப்பது நல்லது.

நல்ல காகிதமும் போட்டோ கார்னர்களும் அடுத்த மாதம்கூட வாங்கிக்கொள்ளலாம். படத்தில் இருப்பவர் யார் என்று தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேட்பதை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள். ஸ்கிராப்புக்கின் முதல் பக்கம் அதிலிருந்தே தொடங்குகிறது.