ஒரு கையையே நீட்டும் குழந்தை

"இன்னும் நடக்கலையா?" என்று கேட்பதற்கு ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. "அவங்கப்பனே ஒன்றரை வயசுலதான் நடந்தான்" என்று பதில் சொல்ல வீட்டில் ஒரு பாட்டியும் இருப்பார். பெரும்பாலும் பாட்டி பக்கம்தான் நியாயம். இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் நலமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, தனியாக நடப்பதற்கான இயல்பான காலம் 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை. முட்டி போட்டுத் தவழாமலேயே நடந்துவிட்டவர்களும் அதில் நூற்றுக்கு நாலு பேர் உண்டு. ஆக, மாதக்கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டால் நல்ல குழந்தையின் தாயை வீணாகப் பதறவைப்போம். கவனிக்க வேண்டிய குழந்தையை 'இன்னும் நாள் இருக்கு' என்று திருப்பி அனுப்பவும் செய்வோம். ஆபத்து இந்த இரண்டாவதில்தான்.

குழந்தைகளைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் முதலில் கையே வைப்பதில்லை. துணியைத் தளர்த்தி, பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுச் சும்மா பார்க்கிறார். மூன்று மாதம் முதல் ஐந்து மாதம் வரை, விழித்திருக்கும் குழந்தையின் கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாவற்றிலும் சின்னச் சின்னதாக ஓர் அசைவு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆஸ்திரிய மருத்துவர் ஹைன்ஸ் பிரெக்டல் வகுத்த முறை இது. அந்த அசைவு இல்லாமல் போனால் மூளை முடக்குவாதத்துக்கு அது வலுவான அறிகுறி. பிறகு இரு கைகளையும் பிடித்து மெல்லத் தூக்குவார்: ஐந்து மாதக் குழந்தையின் தலை உடம்போடு சேர்ந்து எழ வேண்டும், பின்னால் தொங்கக் கூடாது. கட்டைவிரலை உள்ளே மடக்கி எப்போதும் முஷ்டி பிடித்திருக்கிறதா, தொடை விரிய மறுக்கிறதா என்றும் பார்ப்பார். ஒரு வயதுக்குள் எதற்கும் ஒரு கையையே நீட்டும் குழந்தையை 'இடதுகைப் பழக்கம்' என்று வீட்டில் ரசிப்பார்கள். அந்த வயதில் அது பழக்கமாக இருப்பது அரிது. மறுகை வேலை செய்யவில்லை என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு ஆறு மாதமானால் நாலு மாதம் என்றே கணக்கு வைப்பதும் இந்த மதிப்பீட்டில் அடிப்படை.

'அதெல்லாம் பெரிய ஊர் வசதி' என்று ஒதுக்கவும் முடியாது. அயோனா நோவாக் குழுவினர் 2017இல் 'ஜாமா பீடியாட்ரிக்ஸ்' இதழில் தொகுத்த சான்றுகளின்படி, பிரெக்டல் முறை 98 விழுக்காடு நுட்பத்துடன் ஐந்து மாதத்துக்குள்ளேயே ஆபத்தைக் காட்டிவிடுகிறது. வழக்கமாக நோயின் பெயர் சொல்லப்படுவதோ ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில். பிரெக்டல் முறைக்குத் தேவை பயிற்சி பெற்ற கண்ணும் சில நிமிடக் கைப்பேசி வீடியோவும். நத்தத்திலோ வேடசந்தூரிலோ எடுத்த வீடியோவைத் திண்டுக்கல்லில் இருந்தபடியே பார்த்துவிடலாம்.

அப்படியானால் எந்த நாளில் பார்ப்பது? குழந்தைகளின் உடல்நலப் பரிசோதனைக்காக 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தில் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வருகிறது. மேல்நிலைப் பரிசோதனைக்கு மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்பதும் அதன் ஏற்பாடு. திண்டுக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. ஆனால் நாலு மாதக் குழந்தை அங்கன்வாடியில் இருக்காதே! அது தடுப்பூசிக்குத்தான் வெளியே வருகிறது: 6, 10, 14ஆம் வாரங்களில். பதினான்காம் வாரம் பிரெக்டல் சொன்ன காலத்துக்குள் சரியாக விழுகிறது. அன்றைக்கு விட்டால், அரசு அட்டவணைப்படி அடுத்த ஊசி ஒன்பதாம் மாதம். மூன்றரை மாத ஊசி நாளையே அசைவு பார்க்கும் நாளாகவும் ஆக்க வேண்டும் என்பதே என் வாதம்.

கிராம சுகாதார செவிலியருக்கு இருக்கிற வேலை போதாதா என்பார்கள். நியாயம்தான். அதனால் எல்லாக் குழந்தைக்கும் வீடியோ வேண்டாம். குறைமாதம், பிறந்ததும் அழாதது, கடும் மஞ்சள் காமாலை, வலிப்பு, இன்குபேட்டரில் இருந்தது ஆகியவற்றில் ஒன்று இருந்தால் எடுத்தால் போதும். என்றாலும் மூளை முடக்குவாதக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறந்தபோது எந்த அடையாளமும் இருப்பதில்லை. அவர்களுக்காகச் செவிலியர் ஒரு கேள்வி கேட்கலாம்: "குளிப்பாட்டும்போது எப்படி இருக்கு?" காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் கிடத்தி எண்ணெய் தேய்க்கும் கைக்கு, 'விறைச்சுக்கிது', 'தொளதொளன்னு கிடக்கு' என்பது டாக்டருக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். வீண் பீதி கிளம்பும் என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. நாலு மாதத்தில் சந்தேகப்பட்ட குழந்தை பிறகு தேறிவிடுவதும் உண்டு. ஆகவே முதல் நாளே நோய்ப் பெயர் சொல்லாமல், 'மறுபடி பார்ப்போம்' என்று தேதி கொடுத்து அனுப்புவதே முறை. மில் ஷிப்டையும் பூப்பறிப்பையும் விட்டுவிட்டு வாராவாரம் பயிற்சிக்காகப் பஸ் ஏறத் தாயால் முடியுமா? முடியாதுதான். ஆனால் தூக்கும் விதம், கிடத்தும் விதம், விளையாட்டுக் காட்டும் பக்கம் என்று பயிற்சியின் பெரும்பகுதி வீட்டில் நடப்பது. ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் என்ற தொண்டு நிறுவனம் கிராமப் பணியாளர்களை வைத்தே இதை வீடு வரை கொண்டுபோகிறது.

நடந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் சொல்வதற்கில்லை. காலத்தில் நடந்த ஆண் குழந்தை, மூன்று நாலு வயதில் தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கையை ஊன்றி ஊன்றி ஏறுகிறதென்றால், கெண்டைக்கால் மட்டும் திரண்டிருக்கிறதென்றால், அது டுஷேன் என்ற தசைச்சிதைவு நோயாக இருக்கலாம். 'எந்த மாதம் நடந்தான்?' என்று மட்டும் கேட்கிற படிவத்தில் அவன் நல்ல மதிப்பெண் வாங்கிப் போய்விடுவான்.