வீட்டு கம்ப்யூட்டருக்குள் மீனம்பாக்கம் ஏர்போர்ட்!

பூந்தமல்லி:-

பூந்தமல்லி, மாங்காடு பக்கம் அண்ணாந்து பார்த்தால் மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானங்கள் கண்ணில் படும். அதை வீட்டு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க உதவுவதுதான் ‘பிளைட் சிமுலேட்டர்’. மைக்ரோசாப்ட் நிறுவனம் 1982-ல் இதை வெளியிட்டது.

டப்பா கட்டிடங்கள்

விளையாட்டில் உலகத்து ஏர்போர்ட் பலவும் உண்டு. ஆனால் பெரும்பாலானவை கம்ப்யூட்டர் தானாகப் போட்ட டப்பா கட்டிடங்கள்தான். 2006-ல் வந்த பதிப்பில், பின்னர் அடையாறு மேல் பாலம் கட்டி நீட்டிய 2-வது ரன்வே இருக்காது. 2023-ல் திறந்த புது முனையமும் கிடையாது.

இந்தக் குறையைத் தீர்ப்பதுதான் ‘ஆட்-ஆன் சீனரி’. சாட்டிலைட் படம், போட்டோக்களைப் பார்த்து ரன்வே, முனையம், விளக்குகளை ஆர்வலர்கள் அச்சு அசலாக உருவாக்குகிறார்கள். சில இலவசம், சில காசுக்கு. கோப்பை உரிய போல்டரில் போட்டால் விளையாட்டில் வந்துவிடும்.

உஷார்!

காசுக்கு விற்பதை திருட்டுத்தனமாக இறக்கினால் வைரசும் கூடவே வரலாம். 2018-ல் ஒரு ஆட்-ஆன் விமானத்துக்குள், திருட்டு காப்பி போடுபவர்களின் பாஸ்வேர்டை உருவும் புரோகிராம் இருந்தது அம்பலமானது.

இன்னொன்று. வணிக பைலட் லைசென்சுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வீட்டு கம்ப்யூட்டரில் ஓட்டுவது அதில் ஒரு நிமிடம்கூட சேராது. இதைக் காட்டி பிள்ளையை பைலட் ஆக்குவதாக யாராவது பணம் கேட்டால் ஏமாந்துடாதீங்க!