அடியிலையைப் பாருங்கள், பிறகு கொழுந்தை

புகையிலைச் செடி வெளிறியதும் யூரியா மூட்டையைப் பிரிப்பவர்கள் உண்டு. தழைச்சத்துக் குறைந்தால் செடி வெளிறும்தான். ஆனால் வெளிறிய செடியெல்லாம் தழைச்சத்துக்கு ஏங்குவதில்லை. முதலில் கவனிக்க வேண்டியது எந்த இலை வெளிறியிருக்கிறது என்பதை.

தழை, மணி, சாம்பல் சத்துகளும் மக்னீசியமும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் முதிர்ந்த இலையிலிருந்து அவற்றை உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும் செடி. அதனால் குறை அடியிலையில் தெரியும். கால்சியம், போரான், இரும்பு அப்படி எளிதில் நகராதவை. அவை குறைந்தால் அடிபடுவது கொழுந்து. கால்சியம் போதாத செடியில் கொழுந்திலையின் நுனி கொக்கிபோலக் கீழே வளைந்து கருகும்.

அடியிலைக் குறைகளில் சுவையான கதை மக்னீசியத்துடையது. அமெரிக்காவின் கரோலினா மணற்பாங்கு நிலங்களில், மழை மிகுந்த ஆண்டுகளில் புகையிலையின் அடியிலைகள் வெளுத்துப்போயின. உழவர்கள் இதைச் ‘சாண்ட் டிரவுன்’ என்றார்கள். மழைநீர் மக்னீசியத்தை மணலிலிருந்து அரித்துக்கொண்டு போய்விடுவதே காரணம் என்று ஆய்வாளர்கள் கார்னரும் மெக்மர்ட்ரியும் உடன் உழைத்தவர்களும் 1923-இல் எழுதினார்கள். பகல் நீளம் பூப்பைத் தீர்மானிக்கிறது என்று 1920-இல் சக ஆய்வாளர் அல்லார்டுடன் சேர்ந்து காட்டியவரும் இதே கார்னர்தான். அதற்கும் உதவியது ஒரு புகையிலை ரகமே!

பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் பச்சை ஏது? வெளுப்பு இலை நுனியிலும் ஓரத்திலும் தொடங்கி உள்ளே பரவும். நரம்புகள் மட்டும் கடைசிவரை பச்சையாக நிற்கும். முற்றிய நிலையில் இலை ஏறக்குறைய வெள்ளையாகிவிடும், ஆனாலும் பெரும்பாலும் கருகாது. சாம்பல்சத்துக் குறையும் அதே நுனியில், அதே ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். ஆனால் அங்கே மஞ்சள் திட்டுகளின் நடுவே பழுப்புப் புள்ளிகள் காய்ந்து விழும், ஓரம் கீழ்நோக்கிச் சுருளும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் நட்டம் இரட்டிப்பு: இலை நன்றாக எரியவேண்டும் என்று ஏற்கெனவே அள்ளிக் கொட்டும் சாம்பல்சத்து உரமான பொட்டாஷை இன்னும் கூட்டினால், வேர் மக்னீசியம் எடுப்பது மேலும் குறையும். அமிலத்தன்மையுள்ள மணல் நிலத்துக்கு நடவுக்கு முன்பே மக்னீசியம் கலந்த டோலமைட் சுண்ணாம்பு இடுவது நல்ல வழி.

அறுவடைப் பருவத்தில் வர்ஜீனியா ரகத்தின் அடியிலை மஞ்சளாவது முதிர்ச்சி, பதற வேண்டாம். இளம் இலைகளில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்தால் அது தேமல் நோயாக இருக்கலாம். வைரஸ் செய்யும் அந்த வேலைக்கு எந்த உரமும் மருந்தாகாது. அதில் காசைக் கொட்டாதீர்கள்.