உலுக்கியபோது கழன்ற பள்ளிக்கூடங்கள்

2001 ஜனவரி 26. குஜராத் பள்ளிகளில் அன்று பாடம் கிடையாது, குடியரசு தினக் கொடியேற்றம்தான். காலை 8.46க்கு கட்ச் மாவட்டத்தின் பூமி குலுங்கியது. அஞ்சார் நகரின் குறுகிய சந்தில் ஊர்வலம் போன குழந்தைகள்மீது இருபுறமும் வீடுகள் சரிந்தன. வேறு பல இடங்களில் விடுமுறையே பிள்ளைகளைக் காப்பாற்றியது, ஏனென்றால் விழுந்த கட்டடங்களில் பள்ளிகளும் நிறைய. அவற்றில் சில பூகம்பத்துக்குச் சற்று முன்புதான் கட்டப்பட்டவை. ஆலையில் வார்த்து, லாரியில் கொண்டுவந்து, அங்கேயே கோத்து நிறுத்திய ஒற்றைத்தளப் பள்ளிகள் அவை.

இந்த ‘பிரீகாஸ்ட்’ முறை பள்ளிக்கென்றே அளந்து செய்தது போலிருக்கும். எந்த ஊர் வகுப்பறையும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஒரே அச்சில் நூறு தூண், நூறு உத்திரம் வார்க்கலாம். தண்ணீர் அரிதான கிராமத்தில் கான்கிரீட்டை நனைத்து இறுகவைக்கும் க்யூரிங்குக்குக் குடம் தூக்க வேண்டாம். கோடை விடுமுறை முடிவதற்குள் கூரை போட்டுவிடலாம். கான்கிரீட்டின் தரமும் மேஸ்திரியின் கைப்பக்குவத்தை நம்பியிராமல் ஆலையிலேயே சோதிக்கப்படும். இதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கோளாறு இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில்தான். வழக்கமான கட்டடத்தில் தூணின் கம்பியும் உத்திரத்தின் கம்பியும் ஒன்றுக்குள் ஒன்று ஓடி, சுற்றிலும் கான்கிரீட் சேர்ந்தே இறுகும். பிரீகாஸ்ட்டில் உத்திரம் தூணின் தோளில் வந்து உட்காருகிறது. அதை அங்கே பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் அதன் எடைதான். எடை கீழ்நோக்கி இழுக்கும்வரை சரி. பூகம்பமோ பக்கவாட்டில் தள்ளும். கூடவே மேலும் கீழும் தூக்கிப் போடும். எடை குறையும் அந்த நொடியில் உராய்வும் குறைகிறது, உத்திரம் நழுவுகிறது. கூரைப் பலகைகளின் கதையும் இதுவே. அடுக்கிவைத்த பலகைகள் தனித்தனியாக ஆடினால், ஒன்று தாங்கலைவிட்டு நகர்ந்ததும் விழவேண்டியதுதான். கட்சில் நடந்ததும் இதுதான்: துண்டுகள் உடைவதற்கு முன்பே இணைப்புகள் கைவிட்டன.

இது புதிய பாடமும் அல்ல. 1988 டிசம்பர் 7 அன்று ஆர்மீனியாவின் ஸ்பிடாக் பூகம்பம் வந்தது காலை 11.41க்கு, வகுப்பு நடக்கிற நேரம். குறைந்தது 25,000 பேர் மாண்டார்கள். லெனினாகன் நகரில் தூணும் உத்திரமும் கோத்த பிரீகாஸ்ட் சட்டக அடுக்குமாடிகள் வரிசையாகக் குவியலாகின. அதே நகரில், அதே பிரீகாஸ்ட் முறையில், பெரிய சுவர்ப் பலகங்களைச் சேர்த்துக் கட்டிய வீடுகள் நின்றன. எனவே ‘ஆலைக் கான்கிரீட்டே ஆகாது’ என்று ஒதுக்குவது அவசரத் தீர்ப்பு.

இணைப்புக்கு மருந்து உண்டு. கூரைப் பலகைகளின்மேல் கம்பிவலை விரித்து ஐந்து, ஆறு சென்டிமீட்டர் கான்கிரீட் ஊற்றி, அதை உத்திரத்தின் கம்பிகளோடும் பிணைத்துவிட்டால் கூரை முழுவதும் ஒரே மூடியாகி, விசையை எல்லாத் தூண்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும். இன்னொரு வழி நேர் எதிரானது. இணைப்பைக் கெட்டிப்படுத்தாமல், இழுத்துக்கட்டிய எஃகு வடத்தால் கோத்து, குலுங்கும்போது அது சற்றே திறந்து மூட விட்டுவிடுவது. 1999இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில், உண்மை அளவில் 60 சதவீதமாக இவ்வாறு கட்டிய ஐந்து மாடிச் சட்டகத்தை ஆட்டிப் பார்த்தார்கள். வடம் இழுக்க, சட்டகம் பழைய நிலைக்குத் திரும்பி வந்தது.

ஒற்றைத்தளப் பள்ளிக்கு அவ்வளவு வித்தை வேண்டாம். தூணின் அடியில் குழல் வைத்து, கீழே நீட்டிய கம்பியை அதற்குள் செருகி, சிமெண்ட் கூழைச் செலுத்தி நிரப்பும் முறையே போதும். சிக்கல் என்னவென்றால், நிரம்பியதா, பாதியில் நின்றதா என்பது வெளியே தெரியாது. எந்த எக்ஸ்ரேயும் இல்லாத ஊரில் ஒரே சோதனைதான் உண்டு: கீழ்த்துளையில் கூழைச் செலுத்தும்போது மேல்துளையில் அது தடையின்றி வழிய வேண்டும். வழிந்த பிறகுதான் அடைப்பான். ஒவ்வொரு தூணிலும், ஒவ்வொரு குழலிலும், அது வழிவதைப் பார்க்க ஒருவர் வெயிலில் நின்றாக வேண்டும்.