நூறில் நம் செயற்கைக்கோள் எது?

திருவண்ணாமலையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா நேர்கோட்டில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பிஎஸ்எல்வி கிளம்பும் நாளில் டிவியில் கவுன்ட் டவுன் முடிந்து இருபது நிமிடத்துக்குள் கட்டுப்பாட்டு அறையில் கைதட்டல் எழும். செயற்கைக்கோள்கள் வெற்றிகரமாக நிலைநிறுத்தப்பட்டன என்று திரையின் அடியில் எழுத்து ஓடும். மறுநாள் நாளிதழ்களிலும் அதுவே தலைப்பு. ஆனால் அந்த ராக்கெட்டில் தொற்றிக்கொண்டு போன குட்டிச் செயற்கைக்கோளைச் செய்த மாணவர்களுக்குப் பதற்றம் தொடங்குவதே அந்தக் கைதட்டலுக்குப் பிறகுதான். வெளியே தள்ளியதோடு ராக்கெட்டின் வேலை முடிந்துவிட்டது. தள்ளப்பட்டது விழித்ததா, ஆன்டெனாவை விரித்ததா, பேட்டரி தாங்குகிறதா என்பதெல்லாம் ராக்கெட்டுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளப் பெரும்பாலும் ஒரே வழிதான் உண்டு: செயற்கைக்கோள் தானே அனுப்பும் ‘பீக்கன்’ என்ற ரேடியோ ஒலிபரப்பு.

பீக்கனில் பெரிய விஷயம் எதுவும் இருக்காது. சில நொடிகளுக்கு ஒருமுறை தன் பெயர், பேட்டரியின் வோல்டேஜ், உள்ளே இருக்கும் வெப்பநிலை, சூரியத் தகடுகளிலிருந்து வரும் மின்சாரம் என நாலைந்து விவரங்களைச் சொல்லும். சிலவற்றில் மோர்ஸ், சிலவற்றில் டேட்டா பாக்கெட். பல குட்டிச் செயற்கைக்கோள்களில் அதன் சக்தி ஒரு வாட்டைக்கூடத் தாண்டாது. அந்த மெல்லிய குரலைத் தரையில் யாராவது பிடித்தால்தான் செயற்கைக்கோள் உயிரோடு இருப்பது தெரியும்.

மீதி இடத்தில் ஒரு பயணம்

ஒரு ராக்கெட்டை முழுதாக வாடகைக்கு எடுக்க ஒரு கல்லூரியால் முடியாது. பெரிய செயற்கைக்கோள் ஒன்று போகும்போது மிச்சமிருக்கும் எடையிலும் இடத்திலும் சிறியவை ஏறிக்கொள்கின்றன. இதைத்தான் ‘ரைடுஷேர்’ என்கிறார்கள். எந்த நாள், எந்த உயரம், எந்தச் சுற்றுப்பாதை என்பதையெல்லாம் பெரிய செயற்கைக்கோளே தீர்மானிக்கும். கூடப் போகிறவர்களுக்குக் கிடைத்த இடமே இடம்.

இந்த வழி விண்வெளி யுகத்தின் தொடக்கத்திலேயே பிறந்துவிட்டது. 1961 டிசம்பர் 12 அன்று அமெரிக்க ராணுவச் செயற்கைக்கோள் ஒன்றுடன், ராக்கெட்டில் எடையைச் சரிக்கட்ட வைக்கும் வெறும் பாரத்துக்குப் பதிலாக, அமெச்சூர் ரேடியோக்காரர்கள் செய்த ‘ஆஸ்கார்-1’ ஏறியது. அது மோர்ஸில் ‘ஹாய்’ என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது. 28 நாடுகளிலிருந்து 500-க்கும் மேற்பட்டோர் அதைக் கேட்டு எழுதி அனுப்பினார்கள். செயற்கைக்கோளைச் செய்தவர்களுக்கு அறிமுகமே இல்லாத அந்த ஆட்கள்தான் அதன் தரைநிலையமாக இருந்தார்கள்.

பிஎஸ்எல்வியில் பிற நாட்டுச் சிறு செயற்கைக்கோள்கள் முதன்முதலாகக் கூடப் பயணம் செய்தது 1999 மே 26-இல். ஓஷன்சாட்டுடன் கொரியாவின் கிட்சாட்-3, ஜெர்மனியின் டப்சாட் இரண்டும் போயின. 2017 பிப்ரவரி 15-இல் பிஎஸ்எல்வி-சி37 ஒரே பயணத்தில் 104 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோனது. அவற்றில் முதன்மையான கார்ட்டோசாட்டின் எடை 714 கிலோ. மற்ற 103-இன் மொத்த எடை 664 கிலோ. 2021 ஜனவரி 24-இல் ஸ்பேஸ்எக்ஸின் டிரான்ஸ்போர்ட்டர்-1 அந்த எண்ணிக்கையை 143 ஆக்கியது.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளும் இந்த வரிசையில் முன்னால் நின்றவை. 2009 ஏப்ரல் 20-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ ‘அனுசாட்’, ரிசாட்-2-உடன் போனது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதல் செயற்கைக்கோள் அது. 2011 அக்டோபர் 12-இல் காட்டாங்குளத்தூர் எஸ்ஆர்எம்சாட், 2016 ஜூன் 22-இல் ஒன்றரைக் கிலோ சத்யபாமாசாட், 2017 ஜூன் 23-இல் குமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் 15 கிலோ ‘நியுசாட்’. 2021 பிப்ரவரி 28-இல் பிரேசிலின் அமசோனியா-1 போன ராக்கெட்டில் ஸ்ரீபெரும்புதூர், கோவைக் கல்லூரிகளின் சிறு செயற்கைக்கோள்களும் இருந்தன.

இந்த எல்லாப் பயணங்களிலும் ஏவப்பட்ட நாளின் செய்தி நமக்கு வந்துசேர்ந்தது. அதன் பிறகு அவை பேசினவா, எத்தனை நாள் பேசின, யார் கேட்டார்கள் என்ற செய்தி பொதுமக்களுக்கு ஏறக்குறைய வரவே இல்லை. என் பார்வையில் அந்தப் பாதியில்தான் உண்மையான கதை இருக்கிறது.

எது யார்?

பத்து சென்டிமீட்டர் கனசதுரமான ‘கியூப்சாட்’ வடிவத்தை 1999-இல் கலிபோர்னியாவில் இரண்டு பேராசிரியர்கள், ஜோர்டி புய்க்-சுவாரியும் பாப் ட்விக்ஸும், மாணவர்களுக்காக வகுத்தார்கள். அதில் ஒரு விதி உண்டு. ராக்கெட்டிலிருந்து வெளியேறிய 45 நிமிடங்களுக்குச் செயற்கைக்கோள் ரேடியோவை இயக்கக் கூடாது. ஆன்டெனாவையும் அரைமணி நேரம் மடக்கியே வைத்திருக்க வேண்டும். பெரிய செயற்கைக்கோளுக்கோ பக்கத்தில் மிதக்கும் மற்றவற்றுக்கோ இடைஞ்சல் வரக் கூடாது என்பதற்காக இந்தக் கட்டுப்பாடு. நேரம் வந்ததும் ஒரு நைலான் இழை சூடேறி அறும். சுருட்டிக் கட்டியிருந்த ஆன்டெனா விரியும். பல கியூப்சாட்டுகளில் அந்த ஆன்டெனா, கொத்தனார் இடுப்பில் செருகியிருக்கும் ஸ்டீல் டேப்பின் பட்டையேதான். இழை அறாவிட்டால் குரல் மிகவும் தேய்ந்துவிடும், அல்லது கேட்காமலே போகும்.

விரிந்தாலும் அடுத்த சிக்கல் காத்திருக்கும். நூறு பொருட்கள் சில நிமிட இடைவெளியில் ஒரே பாதையில் விடப்பட்டிருக்கின்றன. தரையிலுள்ள ரேடார்களுக்கு அவை வெறும் புள்ளிகள். அமெரிக்க விண்வெளிப் படை அவற்றைப் பட்டியலிடும்போது முதலில் ஆப்ஜெக்ட் ஏ, ஆப்ஜெக்ட் பி என்றுதான் எழுதும். எந்தப் புள்ளி எந்தக் கல்லூரியுடையது என்பது ரேடாருக்குத் தெரியாது. நொடிக்கு ஒரு மீட்டர் வேக வித்தியாசத்தில் முன்னும் பின்னுமாகத் தள்ளப்பட்ட இரண்டு செயற்கைக்கோள்கள் ஒரு சுற்றுக்குச் சுமார் 17 கிலோமீட்டர் விலகும். ஒரு நாளில் 250 கிலோமீட்டர். கேட்கப் பெரிய தூரமாகத் தெரியும். ஆனால் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறவற்றுக்கு அது அரை நிமிட இடைவெளிதான். முதல் சில நாட்களுக்கு அவை ஒரு கும்பலாகவே தலைக்குமேல் போகும்.

இங்கேதான் பீக்கன் இரண்டாவது வேலையைச் செய்கிறது. 437 மெகாஹெர்ட்ஸில் பேசும் செயற்கைக்கோள் நம்மை நோக்கி வரும்போது அதன் அலைவரிசை 10 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறித் தெரியும். விலகிப் போகும்போது அதே அளவு இறங்கும். டாப்ளர் விளைவு என்று பள்ளியில் படித்தது இதுதான். நமக்கு மிக அருகில் வரும் கணத்தில் அந்த இறக்கம் செங்குத்தாக இருக்கும். அந்தக் கணத்தைக் குறித்துக்கொண்டு, பட்டியலிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் எப்போது நம்மைக் கடந்திருக்கும் என்ற கணக்கோடு ஒப்பிட்டால், குரல் எந்தப் புள்ளியுடையது என்று பிடிபடும். ஒரு ஊரிலிருந்து ஒருவர் கேட்டால் இரண்டு மூன்று புள்ளிகள் மிஞ்சும். வெவ்வேறு ஊர்களிலிருந்து பலர் கேட்டால் ஒன்றே ஒன்றில் வந்து நிற்கும். கிரேக்க நாட்டில் தொடங்கிய ‘சாட்நாக்ஸ்’ என்ற திறந்த வலைப்பின்னல் இதற்காகவே உலகெங்கும் மொட்டைமாடி ஆன்டெனாக்களை இணைத்துவைத்திருக்கிறது.

மலையும் எட்டுத் திக்கும்

திருவண்ணாமலையிலிருந்து கேட்டால் என்ன கிடைக்கும்? 500 கிலோமீட்டர் உயரத்தில் துருவப் பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் 95 நிமிடத்துக்கு ஒரு சுற்று வரும். பூமி அடியில் திரும்பிக்கொண்டே இருப்பதால் நாளுக்குச் சுமார் 15 சுற்றில் நான்கு முறை நம் வானத்தில் தெரியும். பகல் பாதியில் இரண்டு, இரவுப் பாதியில் இரண்டு. ஒவ்வொரு முறையும் அதிகபட்சம் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அடிவானத்தில் எழும்போது அது 2,500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும். உச்சிக்கு வந்தால் 500. அதனால் அடிவானக் குரல் உச்சிக் குரலைவிட இருபத்தைந்து மடங்குக்கு மேல் வலுவிழந்து வரும்.

எந்தத் திசையில் எழும், எந்தத் திசையில் மறையும் என்பதைச் செயலிகள் ‘அசிமத்’ என்ற டிகிரி எண்ணால் சொல்லும். வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. கிரிவலம் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்: வடக்கே குபேர லிங்கம், கிழக்கே இந்திர லிங்கம், தெற்கே எம லிங்கம், மேற்கே வருண லிங்கம். மலையை வலமாகச் சுற்றும் வரிசையிலேயே டிகிரியும் ஏறுகிறது. நடுவிலுள்ள ஈசான்யம் 45, அக்னி 135, நிருதி 225, வாயு 315.

ஆனால் 2,668 அடி மலை ரேடியோ அலையையும் மறைக்கும். ஊரின் பெரும்பகுதி மலைக்குக் கிழக்கிலும் தெற்கிலும் இருக்கிறது. கோயிலை ஒட்டிய தெருக்களில் நின்றால் மேற்கு, வடமேற்கு வானத்தின் கீழ்ப்பகுதி கல்லால் அடைபட்டிருக்கும். காலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பித் தெற்கே போன செயற்கைக்கோள் ஒரு சுற்று முடித்து வருவதற்குள் பூமி 24 டிகிரி திரும்பிவிடுகிறது. ஆகவே அது அரபிக்கடலுக்கு மேலே, நமக்கு மேற்கு அடிவானத்தை ஒட்டித்தான் இறங்கும். அந்த முதல் குரலுக்கு முயல விரும்புகிறவர் வருண லிங்கத்துக்கு மேற்கே, அடி அண்ணாமலைப் பக்கத்து வயல்வெளிக்குப் போக வேண்டும். அங்கே மலை முதுகுப்புறம் வந்துவிடும். மாலைக்குப் பிறகு தெற்கிலிருந்து வடக்காக, தலைக்குமேல் உயரமாகக் கடந்து போகிறவற்றுக்கு ஊருக்குள் ஒரு மொட்டைமாடியே போதும்.

கருவிகளும் எளியவை. 437 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 69 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கால்வாசி, அதாவது சுமார் 17 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு கம்பிகள் இருந்தால் ஒரு டைபோல் ஆன்டெனா தயார். டிவி பார்ப்பதற்காக வந்த யுஎஸ்பி டாங்கிளை ரேடியோவாக மாற்றும் மென்பொருள்கள் இலவசம். குறைந்த சக்தியில் வெகுதூரம் பேசும் ‘லோரா’ என்ற ரேடியோ முறையைப் பயன்படுத்தும் செயற்கைக்கோள்களுக்குச் சில ஆயிரம் ரூபாய் சர்க்யூட் போர்டு போதும். புதியவர்கள் சர்வதேச விண்வெளி நிலையத்தின் 145.800 மெகாஹெர்ட்ஸில் தொடங்கலாம். அதன் ஒலிபரப்பு வலுவானது. ரேடியோவில் ஒலிபரப்ப மத்திய அரசின் அமெச்சூர் உரிமம் கட்டாயம். அதற்கான தேர்வை 12 வயது நிரம்பியவர் எழுதலாம். கருவி வாங்கும் முன் உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர் (‘ஹாம்’) ஒருவரிடம் விதிகளைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கேட்பது வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். 2016 செப்டம்பர் 26-இல் பிஎஸ்எல்வி-சி35-இல் போன மும்பை ஐஐடியின் ‘பிரதம்’, அயனி மண்டலத்தில் உள்ள எலக்ட்ரான்களை அளக்கச் செய்யப்பட்டது. அதன் ரேடியோ அலை மேலிருந்து கீழே வரும் வழியில் எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பதைத் தரையில் அளப்பதே முறை. ஒலிபரப்புதான் அங்கே ஆய்வுக் கருவி; கேட்கிறவர்தான் ஆய்வாளர். காந்த நிலநடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போவதால் தமிழ்நாட்டு வானத்தின் அயனி மண்டலம் தனித்தன்மை உள்ளது. திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதும் அதனால்தான். வடக்கே திருவண்ணாமலையில் ஒரு கேட்புநிலையம் இருந்தால் அது வீணான இடத்தில் இருக்காது.

கூட்டுப் பயணத்தில் இழப்பும் கூட்டாகவே வரும். 2022 ஆகஸ்ட் 7-இல் இஸ்ரோவின் சிறு ராக்கெட்டான எஸ்எஸ்எல்வியின் முதல் பயணத்தில் 75 பள்ளிகளின் 750 மாணவிகள் பங்களித்த ‘ஆசாதிசாட்’ இருந்தது. திருமங்கலம் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது எழுந்த அதிர்வால் முடுக்கமானிகள் தடுமாறின. 356 கிலோமீட்டர் வட்டப்பாதைக்குப் பதிலாக, தாழ்புள்ளி வெறும் 76 கிலோமீட்டரான பாதையில் செயற்கைக்கோள்கள் விடப்பட்டு, காற்று மண்டலத்தில் அழிந்தன. ஆறு மாதம் கழித்து, 2023 பிப்ரவரி 10-இல், 8.7 கிலோ ‘ஆசாதிசாட்-2’ 450 கிலோமீட்டர் பாதையை அடைந்தது; லோராவும் அமெச்சூர் ரேடியோவும் அதன் சோதனைகளில் இருந்தன. 2026 ஜனவரி 12-இல் பிஎஸ்எல்வி-சி62 மூன்றாம் அடுக்கில் பழுதாகி, முதன்மைச் செயற்கைக்கோளோடு கூடப் போனவையும் பாதையை எட்டவில்லை.

இந்த ஆபத்தை மாணவர்களால் தவிர்க்க முடியாது. அவர்கள் கையில் இருப்பது அடுத்த கட்டம். அலைவரிசையையும் பாக்கெட்டைப் பிரித்துப் படிக்கும் முறையையும் ஏவுவதற்கு முன்பே வெளிப்படையாக அறிவித்த செயற்கைக்கோளுக்கு உலகம் முழுக்கக் காதுகள் கிடைக்கும். தங்கள் கல்லூரி மாடி ஆன்டெனாவை மட்டும் நம்பினால் நாளுக்கு நாற்பது நிமிடம்தான் மிஞ்சும். 2005 மே 5-இல் கார்ட்டோசாட்-1-உடன் போன இஸ்ரோவின் ‘ஹாம்சாட்’ இதற்கு நல்ல சான்று. 42.5 கிலோ எடை. கீழிருந்து வரும் குரலை வாங்கித் திரும்ப ஒலிபரப்பும் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள் அதில் இருந்தன; ஒன்றைச் செய்தவர் நெதர்லாந்து மாணவர். யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று திறந்துவிடப்பட்ட அது 2014 வரை உழைத்தது. அத்தனை ஆண்டும் அதைக் கேட்க ஆள் இருந்தது.

குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து எஸ்எஸ்எல்வி இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே தெற்கே போகலாம். சிறு செயற்கைக்கோள்களுக்கு இடம் இன்னும் பெருகும். அதற்குள் தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு ஒரு கேட்புநிலையமாவது வேண்டும். திருவண்ணாமலையின் அரசுக் கலைக் கல்லூரியோ பொறியியல் கல்லூரி ஒன்றோ முதல் அடி எடுத்துவைக்கலாம்: இயற்பியல் துறைக்கு ஒரு மொட்டைமாடி, ஒரு பழைய கணினி, உரிமத் தேர்வு எழுதிய இரண்டு மாணவர்கள். அடுத்த ஏவுதல் அறிவிப்பு வரும்போது, கூடப் போகும் செயற்கைக்கோள்களின் பட்டியலையும் அவற்றின் பீக்கன் அலைவரிசைகளையும் தேடிப் பாருங்கள்.